மேல்முறையீட்டைப் பங்கிடுவது எப்படி? அமெரிக்க மாநிலங்களின் இடைநிலை நீதிமன்றங்கள்

நெவாடா மாநில வாக்காளர்களிடம் 1972, 1980, 1992, 2010 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் ஒரே கேள்வி வைக்கப்பட்டது. விசாரணை நீதிமன்றங்களுக்கும் மாநில உச்ச நீதிமன்றத்துக்கும் நடுவில், மேல்முறையீடுகளைக் கேட்பதற்கென்று தனி நீதிமன்றம் ஒன்றை அமைக்கலாமா? நான்கு முறையும் ‘வேண்டாம்’ என்றே விடை வந்தது. 2014 நவம்பரில் ஐந்தாம் முறை கேட்டபோதுதான் ஒப்புக்கொண்டார்கள். 2015 ஜனவரியில் மூன்று நீதிபதிகளோடு அந்த நீதிமன்றம் பணியைத் தொடங்கியது. அதுவரை, மாவட்ட நீதிமன்றங்களிலிருந்து எழும் மேல்முறையீடு மரண தண்டனையைப் பற்றியதானாலும் மணமுறிவில் கிளம்பிய சொத்துத் தகராறானாலும் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றத்துக்கே போனது. ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வந்து குவிந்தவற்றை அந்த ஏழு பேரே பார்த்தாக வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் மக்கள் இத்தனை காலம் தயங்கியதை வெறும் சிக்கனம் என்று ஒதுக்கிவிட முடியாது. புதிய நீதிமன்றம் வந்தால் பழையதன் சுமை உண்மையிலேயே குறையுமா, அல்லது வழக்காளி ஏற வேண்டிய படிகளில் ஒன்று கூடுமா என்ற ஐயத்துக்கு நியாயம் உண்டு. நெவாடாவுக்கு முன்பே ஏறக்குறைய நாற்பது மாநிலங்கள் இதைச் செய்து பார்த்துவிட்டதால், அந்த ஐயத்துக்கு இன்று அனுபவத்தைக் கொண்டே விடை தேட முடிகிறது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இரண்டு வேலைகளைச் செய்கிறது. கீழமை நீதிமன்றம் இந்த வழக்கில், இந்த மனிதருக்குத் தவறு செய்ததா என்று பார்த்துத் திருத்துவது ஒன்று. இனி வரும் வழக்குகளுக்கெல்லாம் பொருந்தும்படி சட்டத்தின் பொருளை வகுத்துச் சொல்வது மற்றொன்று. முதல் வேலை வழக்குகளின் எண்ணிக்கையோடு சேர்ந்து வளரும். இரண்டாவது அப்படி வளர்வதில்லை. ஆயிரம் திருட்டு வழக்குகள் மேல்முறையீட்டுக்கு வந்தால் ஆயிரத்திலும் பிழை தேட வேண்டும். ஆனால் அவற்றில் புதிய சட்டக் கேள்வியை எழுப்புவன நாலைந்து இருந்தாலே அதிகம். இரண்டையும் பிரித்து, முதலாவதை நடு நீதிமன்றத்துக்கும் இரண்டாவதை உச்ச நீதிமன்றத்துக்கும் தருவதுதான் இந்த ஏற்பாட்டின் கொள்கை. அமெரிக்க மாநிலங்களின் வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால், நடுவில் ஒரு நீதிமன்றத்தை வைப்பதால் மட்டும் அந்தப் பிரிவினை நடந்துவிடுவதில்லை என்று தெரிகிறது. எந்த வழக்கு எங்கே முடியும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே மேலிடத்தின் சுமையை நிர்ணயிக்கிறது. அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்தின் கைக்குப் போகும்போது, காரணங்களோடு கூடிய முழுமையான பரிசீலனை ஒன்றை வழக்காளிக்கு நடு நீதிமன்றம் தந்தே தீர வேண்டும். அதைத் தராத ஏற்பாடு சுமையைக் குறைத்திருக்கலாம், நீதியைப் பங்கிட்டதாகாது.

ஏழு பேரின் கணக்கு

மக்கள்தொகை கூடினால் விசாரணை நீதிமன்றங்களைக் கூட்டலாம். ஒவ்வொரு நீதிபதியும் தனித்தனியே வழக்கு நடத்துவதால் நூறு பேரை இருநூறு பேராக்குவதில் தடையில்லை. உச்ச நீதிமன்றத்தை அப்படிப் பெருக்க இயலாது. சட்டத்தின் பொருள் என்ன என்று ஒரே குரலில் சொல்வது அதன் கடமை என்பதால், நீதிபதிகள் எல்லோரும் கூடி அமர வேண்டும். ஏழு பேரோ ஒன்பது பேரோ கூடிப் பேசி முடிவுக்கு வரலாம். முப்பது பேரால் அது ஆகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரங்களும் ரயில்பாதைகளும் தொழிற்சாலை விபத்துகளும் வழக்குகளைப் பெருக்கியபோது மாநிலங்கள் முதலில் தேடியவை ஒட்டு வேலைகள். கலிஃபோர்னியாவின் 1879 அரசியல் சட்டம் உச்ச நீதிமன்றத்தை ஏழு பேராக்கி, மூவர் மூவராக இரண்டு பிரிவுகளாய் அமர வழி செய்தது. அது போதாமல் 1885-இல் உதவிக்கு ஆணையர்களை நியமித்தார்கள். அவர்கள் தீர்ப்பை எழுதித் தர, நீதிபதிகள் அதை ஏற்றுக் கையெழுத்திட்டார்கள். யார் தீர்ப்பளிக்கிறார்கள் என்ற கேள்வியை இந்த ஏற்பாடு மங்கலாக்கியது. 1904-இல் வாக்காளர்கள் அரசியல் சட்டத்தைத் திருத்தி, சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சாக்ரமென்டோ என மூன்று இடங்களில் மூன்று நீதிபதிகள் வீதம் மேல்முறையீட்டு நீதிமன்றங்களை உருவாக்கியதோடு அந்த ஒட்டு வேலை முடிவுக்கு வந்தது.

அதற்கு முன்பே மிசூரி 1875-லும் இலினாய் 1877-லும் பென்சில்வேனியா 1895-லும் இப்படிப்பட்ட நீதிமன்றங்களைத் தொடங்கியிருந்தன; நியூயார்க்கில் 1894 அரசியல் சட்டத்தின்படி மேல்முறையீட்டுப் பிரிவு 1896-இல் பணிக்கு வந்தது. ஆயினும் 1957 வரையில் பதின்மூன்று மாநிலங்களில்தான் இடைநிலை நீதிமன்றம் இருந்தது. அதன் பிறகு வந்த வேகத்துக்குக் காரணம் மக்கள்தொகை மட்டுமில்லை. மேல்முறையீடு செய்வது அரசியல் சட்டம் தந்த உரிமை ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1894-இல் மக்கேன் வழக்கில் சொல்லியிருந்தது. ஆனால் மாநிலம் அந்த உரிமையைக் கொடுத்துவிட்டால் ஏழை என்பதற்காக ஒருவருக்கு அதை மறுக்க முடியாது என்று 1956-இல் கிரிஃபின் வழக்கிலும், முதல் மேல்முறையீட்டுக்கு அரசு செலவில் வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1963-இல் டக்ளஸ் வழக்கிலும் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை தண்டனையை ஏற்றுச் சிறைக்குப் போனவர்கள் இப்போது வழக்கறிஞரோடு மேலே வந்தார்கள். மிச்சிகன் 1965-லும் வட கரோலினா 1967-லும் வாஷிங்டனும் ஆரிகனும் 1969-லும் மாசசூசெட்ஸ் 1972-லும் விஸ்கான்சின் 1978-லும் மினசோட்டா 1983-லும் நடு நீதிமன்றங்களை அமைத்தன. இன்று நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் அவை இருக்கின்றன.

மூன்று வகைப் பங்கீடு

இவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. பெரும்பாலான மாநிலங்களில் வழக்கு படிப்படியாக மேலே ஏறுகிறது. விசாரணை நீதிமன்றத்தில் தோற்றவர் உரிமையோடு நடு நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கும் தோற்றால் உச்ச நீதிமன்றத்திடம் அனுமதி கேட்டு மனுப்போடலாம், அவ்வளவுதான். கலிஃபோர்னியா இதன் பெரிய வடிவம். அங்கே ஆறு மேல்முறையீட்டு மாவட்டங்களில் 106 நீதிபதிகள். மேலே ஏழு பேர். ஆயிரக்கணக்கில் வரும் மனுக்களிலிருந்து பொறுக்கி எடுத்து அந்த ஏழு பேர் எழுதும் தீர்ப்புகள் அண்மை ஆண்டுகளில் நூற்றுக்கும் குறைவு. விதிவிலக்காக மரண தண்டனை வழக்குகள் மட்டும் விசாரணை நீதிமன்றத்திலிருந்து நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போகின்றன. மாசசூசெட்ஸிலும் முதல்தரக் கொலைக் குற்றத் தண்டனைகளை உச்ச நீதிமன்றமே நேரடியாகப் பரிசீலிக்கிறது. உயிரையோ ஆயுள் முழுவதையுமோ பறிக்கும் தீர்ப்பில் பிழை பார்க்கும் வேலையையும் மேலிடமே ஏற்க வேண்டும் என்ற மதிப்பீடு இதில் தெரிகிறது.

இரண்டாவது வகை இதற்கு நேர் எதிர். மேல்முறையீடுகள் எல்லாம் முதலில் உச்ச நீதிமன்றத்துக்கே வருகின்றன. அது தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றவற்றை நடு நீதிமன்றத்துக்குத் தள்ளிவிடுகிறது. ஐயோவா, ஐடஹோ, மிசிசிப்பி, நெவாடா ஆகியவை இந்த வழியில் நடக்கின்றன. நெவாடாவில் எவை யாருக்கு என்பதை விதிகளே பெருமளவு வரையறுக்கின்றன. மரண தண்டனை, தேர்தல் தகராறு, வழக்கறிஞர் ஒழுங்கு நடவடிக்கை, மாநிலம் முழுவதையும் பாதிக்கும் புதிய சட்டக் கேள்வி ஆகியவை மேலே நிற்கும். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர்களின் மேல்முறையீடுகளும் குடும்ப வழக்குகளில் பெரும்பாலானவையும் கீழே போகும். ஐயோவாவில் அரசியல் சட்டக் கேள்விகளையும் முந்தைய தீர்ப்புகள் முரண்படும் வழக்குகளையும் உச்ச நீதிமன்றம் தன்னிடம் வைத்துக்கொண்டு, நிலைபெற்ற சட்டத்தைப் பொருத்தினாலே முடியும் வழக்குகளை அனுப்பிவிடுகிறது. மூன்றாவது வகை பொருள்வாரிப் பிரிவு. அலபாமா 1969-இல் தன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தை உரிமையியலுக்கு ஒன்று, குற்றவியலுக்கு ஒன்று என இரண்டாக்கியது. டென்னஸியிலும் அப்படித்தான். பென்சில்வேனியாவில் அரசு ஒரு கட்சியாக நிற்கும் வழக்குகளைக் கேட்பதற்கென்றே தனி நீதிமன்றம் உண்டு. டெக்சஸும் ஓக்லஹோமாவும் இன்னும் ஒரு படி போய், உச்சியையே பிளந்து உரிமையியலுக்கு ஓர் உச்ச நீதிமன்றம், குற்றவியலுக்கு வேறொன்று என்று வைத்திருக்கின்றன.

வாசல் யார் கையில்

இந்த வகைகளில் எது சுமையைக் குறைத்தது? ஃப்ளோரிடாவின் கதை இதற்கு நல்ல சான்று. அங்கே 1956-இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, 1957-இல் மூன்று மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் வந்தன. நடு நீதிமன்றமே பெரும்பாலான வழக்குகளுக்குக் கடைசி இடம், உச்ச நீதிமன்றம் சட்ட முரண்பாடுகளைத் தீர்க்க மட்டும் என்பது திட்டம். ஆனால் மாவட்ட நீதிமன்றங்கள் காரணம் எழுதாமல் ‘உறுதிசெய்யப்பட்டது’ என்று ஒரே சொல்லில் முடித்த வழக்குகளிலும், கோப்பைப் புரட்டிப் பார்த்து முரண்பாடு இருக்கிறதா என்று தேடலாம் என 1965-இல் ஃபோலி வழக்கில் உச்ச நீதிமன்றமே தன் கதவை அகலத் திறந்துவிட்டது. தோற்றவர்களுக்கு இரண்டாவது மேல்முறையீடு கிடைத்தது போலாயிற்று. மாவட்ட நீதிமன்றங்களின் எண்ணிக்கை 1965-இல் நான்காகவும் 1979-இல் ஐந்தாகவும் கூடியும் மேலிடத்தின் நெருக்கடி தீரவில்லை. 1980-இல் இன்னொரு திருத்தம் வந்தது. முரண்பாடு ‘வெளிப்படையாகவும் நேரடியாகவும்’ தீர்ப்புரையிலேயே தெரிந்தால் மட்டுமே உச்ச நீதிமன்றம் தலையிடலாம் என்றது அது. காரணம் எழுதப்படாத தீர்ப்பைத் தன்னால் தொட முடியாது என்று அதே ஆண்டில் ஜென்கின்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. புதிய நீதிமன்றங்கள் வந்து இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, வாசலைச் சுருக்கிய பிறகுதான் திட்டமிட்ட பங்கீடு கைகூடியது.

ஒன்றிய அரசின் நீதிமன்றங்களும் இதே பாடத்தைத்தான் படித்தன. 1891-இல் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் வந்தாலும், தலைமை நீதிபதி டாஃப்டின் முயற்சியால் 1925-இல் வந்த சட்டமே அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பரவலாகத் தந்தது; மிச்சமிருந்த கட்டாய மேல்முறையீடுகளில் பெரும்பாலானவை 1988-இல் நீங்கின. நியூயார்க் தன் உச்ச நீதிமன்றத்துக்கு வரும் உரிமையியல் வழக்குகளைப் பெரும்பாலும் அனுமதியோடு மட்டுமே வரும்படி 1985-இல் சட்டத்தை மாற்றியது. வட கரோலினாவில் நடு நீதிமன்றத்தின் மூவரில் ஒருவர் மாறுபட்ட தீர்ப்பு எழுதினாலே தோற்றவருக்கு உச்ச நீதிமன்றம் போகும் உரிமை இருந்தது; 2023-இல் சட்டமன்றம் அதையும் நீக்கியது. மாறுபட்ட ஒரு குரல் எழுந்தாலே வழக்கு மேலே போகும் என்ற விதி, வாசலின் சாவியை நடு நீதிமன்ற நீதிபதியின் கையில் வைக்கிறது. நியூ ஜெர்சியில் இன்றும் அது நடப்பில் உள்ளது. நடுவில் இருப்பவர்கள் ஒருமித்துப் போகாத வழக்கில்தான் சட்டம் தெளிவற்றிருக்கிறது என்பது அதன் தர்க்கம். ஆனால் கோப்பில் உள்ள சாட்சியத்தை இருவர் இருவிதமாகப் படிப்பதாலும் மாறுபாடு எழும்; அதில் மாநிலத்துக்கே உதவும் சட்டக் கேள்வி இருக்க வேண்டியதில்லை.

வாசலைத் தன் கையில் வைத்திருக்கும் நீதிமன்றம் வேறு வகையான நீதிமன்றமாகவே மாறிவிடுகிறது என்பதற்கு எழுபதுகளில் வந்த ஓர் ஆய்வு சான்று தருகிறது. ராபர்ட் கேகன், ப்ளிஸ் கார்ட்ரைட், லாரன்ஸ் ஃப்ரீட்மன், ஸ்டான்டன் வீலர் ஆகிய நால்வர் 1870 முதல் 1970 வரையான நூற்றாண்டில் 16 மாநில உச்ச நீதிமன்றங்கள் வழங்கிய 5,904 தீர்ப்புகளை எடுத்து ஆராய்ந்தார்கள். தேர்ந்தெடுக்கும் உரிமையும் குறைந்த வழக்குகளும் கொண்ட நீதிமன்றங்கள் நீண்ட தீர்ப்புகள் எழுதின. மாறுபட்ட கருத்துகள் அங்கே கூடின. கடன், நிலத் தகராறுகளிலிருந்து குற்றவியலுக்கும் அரசைப் பற்றிய கேள்விகளுக்கும் அவற்றின் கவனம் நகர்ந்தது. சுமையைக் குறைப்பது நிர்வாகச் சீர்திருத்தம் என்ற பெயரில் நடந்தாலும், மாநிலத்தின் பொதுவாழ்வில் உச்ச நீதிமன்றத்தின் இடத்தை அது மாற்றிவிடுகிறது. வழக்காளிக்கு விடை சொல்லிவந்த நீதிமன்றம் மாநிலத்துக்கு விடை சொல்லும் நீதிமன்றமாகிறது. அந்த மாற்றத்துக்கு ஈடாக வழக்காளிக்கு என்ன கிடைத்தது என்று கேட்க வேண்டும்.

கடைசிச் சொல் நடுவில்

உச்ச நீதிமன்றம் நூற்றில் சில மனுக்களையே ஏற்கிறது என்றால், மிகுதி வழக்குகளில் கடைசிச் சொல் நடு நீதிமன்றத்தினுடையதே. ஆகவே பிழை திருத்துவது மட்டும் அதன் வேலை என்ற பாடப்புத்தகப் பிரிவினை நடப்பில் நிற்பதில்லை. மாநிலச் சட்டத்தின் அன்றாடப் பொருளை அதுவே வகுக்கிறது. பல மாவட்டங்கள், பல அமர்வுகள் இருக்கும் இடத்தில் அந்தப் பொருள் பலவாகிவிடும் அபாயமும் உண்டு. இதற்கு மாநிலங்கள் தனித்தனி மருந்து கண்டன. கலிஃபோர்னியாவில் எந்த மாவட்டத்தின் வெளியிடப்பட்ட தீர்ப்பும் மாநிலத்தின் எல்லா விசாரணை நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்று 1962-இல் முடிவாயிற்று. இரு மாவட்டங்கள் முரண்பட்டால் விசாரணை நீதிபதி ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். மிச்சிகனில் 1990 நவம்பர் முதல், முந்தைய அமர்வு வெளியிட்ட தீர்ப்பைப் பிந்தைய அமர்வு பின்பற்றியே ஆக வேண்டும். உடன்படாவிட்டால் பெரிய சிறப்பு அமர்வைக் கூட்டக் கேட்கலாம். ஒஹையோவின் அரசியல் சட்டப்படி, தங்கள் தீர்ப்பு வேறொரு மாவட்டத்தின் தீர்ப்போடு மோதுகிறது என்று காணும் நீதிபதிகள் அதைச் சான்றளித்து உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். சுமை சமமாக இல்லாத இடங்களில் வழக்கையே நகர்த்துவதும் உண்டு. டெக்சஸ் உச்ச நீதிமன்றம் நெரிசல் மிகுந்த மாவட்டத்தின் வழக்குகளை வேறு மாவட்டத்துக்கு மாற்றி அனுப்புகிறது.

மேலிடத்திலிருந்து இறங்கிய சுமை மறைந்துவிடுவதில்லை. அது நடுவில் வந்து நிற்கிறது. அங்கே அதைச் சமாளிக்கக் கண்ட உத்திகளில்தான் இந்த ஏற்பாட்டின் விலை தெரிகிறது. கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் தீர்ப்புகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் அதிகாரபூர்வத் தொகுதிகளில் வெளிவருவதில்லை. வெளிவராதவற்றை வேறு வழக்கில் மேற்கோள் காட்டவும் விதி அனுமதிப்பதில்லை. வெளிவந்த தீர்ப்பைக்கூட, வழக்கைப் பரிசீலனைக்கு எடுக்காமலே தொகுதியிலிருந்து நீக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனால் அங்கே கட்சிக்காரருக்காவது காரணங்கள் எழுத்தில் கிடைக்கின்றன. அரசியல் சட்டமே அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஃப்ளோரிடாவில் அதுவும் இல்லை. ‘உறுதிசெய்யப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடியும் வழக்குகள் அங்கே கணிசம். 1980 திருத்தத்துக்குப் பின் அந்த வழக்குகளுக்கு மேலே வழியும் இல்லை. காரணம் எழுதுவதா வேண்டாமா என்ற முடிவிலேயே, மேலிடம் இதைப் பார்க்கலாமா கூடாதா என்ற முடிவும் அடங்கிவிடுகிறது. நிலைபெற்ற சட்டத்தைப் பற்றி மீண்டும் மீண்டும் எழுதுவது வீண் வேலை என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆயினும் நூறு பக்க வாதத்துக்கு அரைப் பக்கக் காரணமாவது சொன்னால்தான், தன் வழக்கை யாரோ படித்தார்கள் என்று தோற்றவர் நம்ப முடியும்.

இதைப் பண்பாகவோ தயவாகவோ கருத முடியாது. பிரிவினையின் அடிப்படையே இதுதான். 1974-இல் ராஸ் வழக்கில், வட கரோலினாவின் நடு நீதிமன்றத்தில் தோற்ற ஏழைக்கு உச்ச நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கும் கட்டத்தில் அரசு வழக்கறிஞரைத் தர வேண்டியதில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. முதல் மேல்முறையீட்டில் அவருடைய வாதங்கள் வழக்கறிஞரால் திரட்டி வைக்கப்பட்டுவிட்டன, மாநில உச்ச நீதிமன்றம் பார்ப்பது தனிப்பட்ட பிழையை அல்ல, பொது முக்கியத்துவத்தை என்பதே காரணம். 2005-இல் மிச்சிகனிலிருந்து வந்த ஹால்பர்ட் வழக்கில் அதே தர்க்கம் எதிர்த்திசையில் வேலை செய்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் நடு நீதிமன்றத்துக்கும் அனுமதி பெற்றே வர வேண்டும் என்று அந்த மாநிலம் விதித்திருந்தது. அனுமதி மனுதானே, வழக்கறிஞர் எதற்கு என்று வாதிட்டது. பிழையைத் திருத்தும் முதல் இடம் அது, ஆகவே வழக்கறிஞர் தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மேலே வாசல் குறுகலாக இருப்பதற்கான நியாயம், கீழே ஒருமுறை முழுப் பரிசீலனை நடந்துவிட்டது என்பதில்தான் இருக்கிறது என்பதை இந்த இரு தீர்ப்புகளும் சேர்ந்து சொல்கின்றன. கீழே நடந்தது பெயரளவுப் பரிசீலனையானால் மேலே இருக்கும் வாசலும் நியாயத்தை இழந்துவிடும்.

மறுப்புகளும் விடைகளும்

நடு நீதிமன்றமே இல்லாமல் நன்றாக நடக்கும் மாநிலங்கள் உண்டே என்று கேட்கலாம். டெலவேர், மெய்ன், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், ரோட் ஐலண்ட், தெற்கு டகோட்டா, வெர்மான்ட், வயோமிங் ஆகிய எட்டிலும் நிரந்தரமான இடைநிலை நீதிமன்றம் கிடையாது. எட்டிலும் மக்கள்தொகை தலா பதினைந்து லட்சத்துக்குக் குறைவு என்பதால் இது வியப்பில்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் மேற்கு வர்ஜீனியாவின் அனுபவம்தான் கவனிக்கத்தக்கது. அங்கே உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்பதா என்பதையே தன் விருப்பத்தில் வைத்திருந்ததால், பலருக்கு ஒருமுறைகூட முழுப் பரிசீலனை கிடைக்கவில்லை. 2009-இல் நீதித்துறைச் சீர்திருத்த ஆணையம் இடைநிலை நீதிமன்றத்தைப் பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றமோ 2010 டிசம்பரில் தன் விதிகளை மாற்றி, வரும் ஒவ்வொரு மேல்முறையீட்டிலும் தகுதி பார்த்துத் தீர்ப்பு எழுதத் தொடங்கியது. அதன் பிறகு புதிய நீதிமன்றம் எதற்கு என்ற எதிர்ப்பு வலுத்தது. ஆயினும் சட்டமன்றம் 2021-இல் சட்டம் இயற்றி, 2022 ஜூலை முதல் தேதி மூன்று நீதிபதிகள் கொண்ட நீதிமன்றத்தைத் திறந்தது. குற்றவியல் மேல்முறையீடுகள் உச்ச நீதிமன்றத்திடமே இருந்தன. சிறிய மாநிலத்தில் விதியை மாற்றியே முழுப் பரிசீலனையைத் தர முடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. அந்த வகையில் மறுப்பு சரியே. கட்டடத்தைவிட உரிமை முக்கியம் என்ற இக்கட்டுரையின் வாதத்தை அது வலுப்படுத்தவே செய்கிறது.

உச்ச நீதிமன்றத்திலேயே நீதிபதிகளைக் கூட்டி அமர்வுகளாகப் பிரித்தால் என்ன என்பது அடுத்த மறுப்பு. நெவாடா இதைச் செய்தது. 1999-இல் ஐந்து பேரை ஏழாக்கி, மூவர் அமர்வுகளாகப் பிரித்தது. பதினைந்து ஆண்டுகள் அந்த ஒட்டு தாங்கியது, பிறகு போதவில்லை. மூன்று பேர் சொன்னதை நான்கு பேர் மறுக்க முடிந்தால் உச்சியின் ஒரே குரல் என்பது பெயருக்கே மிஞ்சும். இன்னொரு மறுப்பு காலதாமதத்தைப் பற்றியது. ஒரு படி கூடினால் செலவும் காலமும் கூடும் என்பது முதல் பார்வைக்கு மெய்யே. ஆனால் மேலே போகும் வழக்கு மிகக் குறைவு என்பதால், பெரும்பாலோர் ஒரே ஒரு படிதான் ஏறுகிறார்கள். அதுவும் நெரிசல் குறைந்த படி. மினசோட்டாவில் நடு நீதிமன்றம் வழக்கு தன் முன் வைக்கப்பட்ட தொண்ணூறு நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று சட்டமே விதிக்கிறது. மிசிசிப்பியில் இறுதி வாதுரை வந்ததிலிருந்து 270 நாள். எல்லா மேல்முறையீடுகளும் உச்ச நீதிமன்றத்தின் நேரடி வரிசையில் நின்றிருந்தால் இப்படி நாள் குறித்துக் கேட்பது எளிதாக இருந்திருக்காது.

அப்படியானால் எல்லா வழக்கையும் முதலில் வாங்கிக் கீழே தள்ளும் இரண்டாவது முறையே சிறந்ததல்லவா? கட்சிக்காரர் ஒரே இடத்தில் மனுப்போடுகிறார், முக்கிய வழக்கு இரு படிகள் ஏறி நேரம் இழப்பதில்லை, உச்ச நீதிமன்றம் தன் முன் என்ன வருகிறது என்பதை முழுமையாகக் காண்கிறது. நெவாடா அதைத் தேர்ந்ததற்கு இவையே காரணங்கள். மூன்று நீதிபதிகளே போதும் என்பதால் செலவும் குறைவு. ஆனால் ஹவாய் இதே முறையில் தொடங்கி, 2006 ஜூலையில் அதைக் கைவிட்டுப் படிப்படியாக ஏறும் முறைக்கு வந்தது. பங்கிடுவதற்கே மேலிடம் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. வழக்குகள் பெருகப் பெருக அந்தப் பார்வையே ஒரு சுமையாகும். வாதங்கள் முழுமையாக வைக்கப்படுவதற்கு முன்பே எது முக்கியம் என்று ஊகிக்கவும் வேண்டும். நடு நீதிமன்றத்தின் தீர்ப்பு கையில் இருந்தால் கேள்வி எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். சிறிய, நடுத்தர மாநிலங்களுக்கு இந்த இரண்டாவது முறை பொருந்தும். பெரிய மாநிலத்துக்குப் பொருந்தாது என்பதே அனுபவம் தரும் முடிவு.

நடு நீதிமன்றம் இருந்தும் உரிமை இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை வர்ஜீனியா காட்டியது. அங்கே 1985 முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இருந்தது. ஆனால் குற்றவியல் தண்டனைக்கு எதிராக அங்கே போகவும் பெரும்பாலும் அனுமதி வேண்டும். சாதாரண உரிமையியல் வழக்குகள் உச்ச நீதிமன்றத்திடம் அனுமதி மனுவாகவே போயின. கட்டடம் இருந்தது, நீதிபதிகள் இருந்தார்கள். முழுப் பரிசீலனைக்கான உறுதி மட்டும் இல்லை. 2021-இல் சட்டமன்றம் நீதிபதிகளின் எண்ணிக்கையைப் பதினொன்றிலிருந்து பதினேழாக்கி, 2022 ஜனவரி முதல் உரிமையியல், குற்றவியல் இரண்டிலும் முதல் மேல்முறையீட்டை உரிமையாக்கியது. நீதிபதிகளின் எண்ணிக்கையையும் உரிமையையும் ஒரே சட்டத்தில் உயர்த்தியதால் இது மற்ற மாநிலங்களுக்கும் முன்மாதிரி ஆகிறது. ஒன்றை உயர்த்தி மற்றதை விட்டிருந்தால், ஒரு நெரிசல் இடம் மாறியிருக்கும், அவ்வளவே.

இந்தியாவுக்கு ஒரு குறிப்பு

இந்தியாவில் தேசிய மேல்முறையீட்டு நீதிமன்றம் வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுவதால், இந்த அனுபவம் நமக்கும் பயன்படும். அப்படியொரு நீதிமன்றம் விரும்பத்தக்கது என்று உச்ச நீதிமன்றமே 1986-இல் குறிப்பிட்டது. சட்ட ஆணையம் 2009-இல் தன் 229-ஆவது அறிக்கையில், டெல்லியில் அரசியல் சாசன அமர்வும் நான்கு வட்டாரங்களில் மேல்முறையீட்டு அமர்வுகளும் அமைக்கலாம் என்றது. தென்வட்டார அமர்வுக்குச் சொல்லப்பட்ட இடங்களில் சென்னையும் ஒன்று. 2016-இல் இந்தக் கேள்வி அரசியல் சாசன அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. தொலைவிலிருந்து டெல்லிக்குப் போக வேண்டிய வழக்காளிக்கு அருகில் ஓர் இடம் கிடைப்பது நல்லதே. ஆனால் இங்கே நடு நீதிமன்றங்கள் ஏற்கெனவே உயர் நீதிமன்றங்களாக இருக்கின்றன. அரசியல் சாசனத்தின் 136-ஆவது பிரிவின்படி சிறப்பு அனுமதி தருவது உச்ச நீதிமன்றத்தின் விருப்பத்தில்தான் இருக்கிறது. அந்த வாசல் தாராளமாகத் திறப்பதே டெல்லியில் வழக்குகள் குவிவதற்குப் பெரிய காரணம். அதை நெறிப்படுத்தாமல் இன்னொரு படியைச் சேர்த்தால், 1957-க்கும் 1980-க்கும் இடையில் ஃப்ளோரிடா பட்ட பாட்டை நாமும் படுவோம்.

ஆகவே ஒரு மாநிலம் மேல்முறையீடுகளைச் சரியாகப் பங்கிட்டிருக்கிறதா என்று பார்க்க, உச்ச நீதிமன்றத்தின் வருடாந்தரக் கணக்கைப் புரட்டினால் போதாது. தோற்றவருக்கு ஒருமுறை, உரிமையோடு, வழக்கறிஞரோடு, காரணங்களோடு பரிசீலனை கிடைக்கிறதா? நடு நீதிமன்றங்கள் தமக்குள் முரண்படும்போது அதைத் தீர்க்கும் வழி விதியிலேயே இருக்கிறதா? அதற்கு மேல் எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்திடம் தெளிவாக இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் ‘ஆம்’ என்று சொல்ல முடிந்த மாநிலத்தில் நடு நீதிமன்றம் தன் செலவை ஈடுகட்டிவிடுகிறது. முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்றால், மற்ற இரண்டும் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், மேலே ஏழு பேருக்குக் கிடைத்த ஓய்வுக்கான விலையைக் கீழே தோற்றவர்தான் கொடுக்கிறார்.